உபதேசியாரின் வினைச்சொல்

ஓகஸ்ட் 16, சனி

கண்டிக்குத் திரும்பிவிட்டேன். மகன் அன்டனும் மருமகளும் இரண்டு நாள் எனக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டினார்கள். புறக்கோட்டையின் நெரிசல், கறுவாத்தோட்டத்தின் ஆளில்லாத மரநிழல், வெள்ளவத்தையின் கடற்காற்று எல்லாம் காருக்குள் இருந்தபடிதான். கொட்டாஞ்சேனையில் மட்டும் இறங்கி நடக்கவைத்தான். மாதா கோயில், பக்கத்திலேயே மருந்துக்கடை, லிஃப்ட் உள்ள மாடிவீடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான்.

கோயில் வாசலில், நான் அதுவரை பார்த்திராத உபதேசியார் சிரித்தார். "டீச்சரம்மா, எப்ப வாறீங்க?"

"எப்ப வந்தீங்கன்னு கேளுங்க. வந்துதானே நிக்கிறேன்."

அவர் அன்டனைப் பார்த்தார். அன்டன் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான்.

"வெயில் ஏறுது மாமி, போவோம்" என்றாள் மருமகள்.

ரயில் கடுகண்ணாவையைத் தாண்டும்வரை அந்த மனிதரின் தமிழை மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்தேன். பிறகுதான் உறைத்தது. நான் டீச்சர் என்று அவருக்கு யார் சொன்னது?

அவர் வினைச்சொல்லின் காலத்தைப் பிழையாகச் சொல்லவில்லை. இந்த வீட்டை விட்டு அங்கே எப்போது குடிவருகிறேன் என்றுதான் கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் வந்து என் அலுமாரியை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று அன்டன் சொல்லியிருக்கிறான். வீட்டு உறுதிப் பத்திரம் அதற்குள்தான் இருக்கிறது. சாவியை ஜெபமாலையோடு தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.