கருப்பட்டி சேராத சாஸ்

என் கூடப் பிறந்த சண்முகத்துக்கு,

நீ போய் முந்தாநாளோடு ஒரு வருஷம். அதற்கு முந்தைய எட்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நமக்குள் நடந்த சண்டையை இந்த லைன் வீடுகளில் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

முதலில் சேதி. முந்தாநாள் உனக்கு இலை போட்டுப் படைத்தோம். உனக்குப் பிடித்தது என்று உன் பெண்டாட்டி சரசு வான்கோழி உருண்டை வைத்தாள். கிறிஸ்துமஸுக்காக கிராபோர்டு மார்க்கெட்டுக்கு வந்த வான்கோழி. நன்றாக இல்லை சண்முகம். நன்றாக இருக்காது என்று தெரிந்தே நான் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்கிறாயா? கேள்.

செம்பூரில் எண்ணெய் ஆலைக்கு வந்த அமெரிக்க என்ஜினீயர் வீட்டில் நீ சமையல் வேலை பார்த்தாய். ஒரு மத்தியானம் காலி பாட்டில் ஒன்றை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா?

"அக்கா, மேம்சாபுக்கு இதே மாதிரி வேணுமாம். அவ ஊர்லேருந்து கப்பல் வரலையாம். எனக்கு ஒரு எழவும் விளங்கல."

"என்னடா இது, கோந்து மாதிரி ஒட்டுது?"

"சாஸு, அக்கா. கறியில தடவிச் சுடுவாங்க. அடியில கொஞ்சம் கெடக்கு, நக்கிப் பாரு."

நக்கிப் பார்த்தேன். புளிப்பு, இனிப்பு, காரம். எல்லாம் போன பிறகு நாக்கில் புகை நின்றது. எனக்கு எழுத்தை யாரும் சொல்லித் தரவில்லை, மளிகைப் பொட்டலக் காகிதங்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். இதையும் அப்படித்தான் கற்றேன்.

அப்போது சர்க்கரை ரேஷனில். ஊரிலிருந்து வந்த கருப்பட்டிதான் வீட்டில் இருந்தது. சிக்டி என்கிற கரியடுப்பை மூட்டி, தக்காளியையும் வெங்காயத்தையும் மிளகாய் வற்றலையும் நேராகக் கங்கின் மேல் போட்டுச் சுட்டேன். அம்மியில் அரைத்துப் புளியைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகை மண் போக வடிகட்டிச் சேர்த்துச் சுண்டவைத்தேன். முதல் தடவை வற்றல் கருகிக் கசந்தது. இரண்டாம் தடவை புளிக்குழம்பாகப் போனது. மூன்றாம் தடவைதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் விட்டு நக்கி நக்கி என் நாக்கு புண்ணாகிவிட்டது.

உன் பங்கை நான் மறுக்கவில்லை. வான்கோழிக் கறி விறகு மாதிரி. அதைக் கொத்தி, பாலில் ஊறிய ரொட்டியைப் பிசைந்து உருட்டி, உடையாமல் பொரித்து, என் சாஸில் போட்டுக் கொதிக்கவிட்டவன் நீ. உருண்டை உன் கை. சாஸ் என் கை.

மேம்சாப் வீட்டு விருந்து முடிந்து வந்து, "எல்லாரும் கைதட்டினாங்கக்கா," என்றாய்.

"எங்க அக்கா செஞ்ச சாஸுன்னு சொன்னியா?"

"நல்லா சொன்ன போ. தாராவியில தோல் கிடங்குக்குப் பின்னால செஞ்சதுன்னு தெரிஞ்சா, அப்படியே குப்பையில கொட்டிருவா."

அதையும் விழுங்கினேன். மூன்று வருஷம், விருந்துக்கு விருந்து, ஜாடியைத் துண்டில் சுற்றி உன் கையில் கொடுத்தேன். தின்ற வாய் எதுவும் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை. நான் கேட்டேனா?

பிறகுதான் அந்தப் புத்தகம். மேம்சாப் ஊருக்குப் போகும் முன்னால் அவளுடைய சிநேகிதிகள் சேர்ந்து அச்சடித்த சமையல் புத்தகம். உன் மகள் செல்வி முதல் இரண்டு வரியை இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள், மேலே படிக்க நான் விடவில்லை. "வீட்டிலேயே செய்த சாஸில் சுலபமான வான்கோழி உருண்டை. எங்கள் சமையல்காரன் சாம் சொன்னது."

சுலபமாம்! கங்கில் விரலைச் சுட்டுக்கொண்டவள் நான். சுலபம் என்று எழுதியவள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள். என் சாஸை எடுத்துக் கொடுத்துவிட்டாய், என் பேர் இல்லை, சரி. உன் பேராவது இருந்ததா?

தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டேன். "நீ எப்பலேருந்து சாம்?"

"விடுக்கா, ஒரு பேருதான," என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்போடு நம் பேச்சு முடிந்தது. எட்டு மாதம் அதே குழாயில் தண்ணீர் பிடித்தோம். நான் குடத்தைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டாய். சண்டை முடியும் முன்னால் எழுந்து போகிற வழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். காலையில் சரசு என் வாசலுக்கு வந்தாள்.

"மைனி, பழசை மனசுல வைக்காதீக. அந்தச் சாஸை மட்டும் வந்து செஞ்சு குடுங்க. அவுகளுக்கு அதுன்னா உசிரு."

"நான் எதுக்கு? அதான் அச்சடிச்சு வச்சிருக்கே, சுலபம்னு. அதைப் பாத்துச் செய்யி."

திரும்பிப் போனாள். செல்வி அந்தப் புத்தகத்தை மடியில் விரித்து வாசித்தாள், சரசு செய்தாள். தக்காளி, வினிகர், சர்க்கரை, மிளகாய்ப்பொடி. அடுப்பில் கொதித்தது குங்குமம் மாதிரி சிவந்து கிடந்தது. கறுப்பு ஏறவில்லை, புகை வாசம் இல்லை. படையலுக்குச் செய்வதை முன்னால் ருசி பார்க்கக் கூடாதே, அதனால் சரசு ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கவில்லை. வாசலில் இருந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

விளக்கேற்றிக் கும்பிட்டோம். காக்காய் சோற்றைத் தின்றுவிட்டு, உருண்டையைத் தகரக் கூரையில் உருட்டிவிட்டுப் போனது. நாங்கள் உட்கார்ந்தோம். சரசு ஒரு வாய் வைத்ததும், "என்னளா செல்வி, ஜாம் மாதிரில்லா இருக்கு?" என்றாள்.

"புஸ்தகத்துல இருக்கபடிதானம்மா செஞ்சோம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கப்பன் சொன்னதுதான? அவன் லட்சணம் இம்புட்டுத்தான்," என்றேன்.

செல்வி இலையை விட்டு எழுந்துவிட்டாள். "அப்பாவைச் சொல்லாதீங்க அத்தை! மேம்சாபுக்கு அதை எழுதிக் குடுத்ததே நான்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். கருப்பட்டி, புளி, கங்குல சுடுறது, ஒண்ணையும் சொல்லல. ஏம்ப்பா விட்டுட்டீங்கன்னு கேட்டேன். 'அது எங்க அக்காவோடதுளா. எடுத்துக் குடுக்க நான் யாரு'ன்னாங்க."

"அன்னைக்கே ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கதான் எங்க ஒருத்தர்கூடயும் பேசலையே. இன்னைக்கும் அம்மா வந்து கூப்பிட்டாங்க. அளவு தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

நான் பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன்.

என்ன மனுஷனடா நீ? கைதட்டலை வாங்கிக்கொண்டாய், சாம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாய், அதெல்லாம் போகட்டும். என் சாஸை நீ விட்டுக்கொடுக்கவில்லை என்பதை என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு? எட்டு மாதம் குழாயடியில் வாய் அடைத்திருந்ததா? 'நான் குடுக்கலைக்கா' என்று ஒரு வார்த்தை. நான் திட்டுவேன் என்றா? திட்டத்தான் செய்திருப்பேன். திட்டிவிட்டு அன்று மத்தியானமே சிக்டியைப் பற்றவைத்திருப்பேன். அது உனக்குத் தெரியாதா?

எனக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். உன் முதல் வருஷ இலையில் உனக்குப் பிடிக்காததை வைக்கவிட்டவள் நான். அந்தக் கோபம் யார் மேல் என்று நீயே வைத்துக்கொள்.

தை அமாவாசைக்கு மறுபடி இலை போடுகிறேன். மார்க்கெட்டில் சொல்லி வைத்தாயிற்று, வான்கோழி வரும். உருண்டையைச் சரசு உருட்டட்டும். சாஸ் நான் செய்வேன், செல்வி பக்கத்தில் இருந்து அளவை எழுதிக்கொள்ளட்டும், தமிழில். இன்னொன்று. நான் ருசி பார்த்துத்தான் வைப்பேன். உள்ளங்கையில் விட்டு, நக்கி, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உன் இலைக்கு வரும். எச்சில் என்று சரசு முகம் சுளிக்கட்டும், காக்காய் வராமல் போகட்டும். நான் ருசி பார்க்காத சாஸை நீ என்றைக்குத் தின்றாய்?

தின்றுவிட்டு இரு. மிச்சச் சண்டை இருக்கிறது.

இன்னும் சமாதானமாகாத உன் ஒரே அக்கா,
பேச்சியம்மாள்
தாராவி