தீபாவளி வாழ்த்தோடு வந்த திருடன்

இன்று காலை அக்காள் மகளின் கல்யாணப் பத்திரிகை கைப்பேசியில் ஒரு கோப்பாக வந்து நின்றது. நான் திறக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, "நீதான் அனுப்புனியா?" என்று கேட்டேன். சிரித்தாள். தோழி, நீ இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் நான் கிளார்க். என் விண்டோஸ் கணினியில் சிடி தட்டு தானாக வெளியே வரும், மவுஸ் தானாக நகரும். பேய்தான் என்று பக்கத்து மேசை அக்கா அதற்குத் திருநீறு பூசிவிட்டார். பிறகு ஒருநாள் என் கணினியிலிருந்து, என் பெயரிலேயே, முதலாளியை அசிங்கமாகத் திட்டி ஒரு மின்னஞ்சல் போனது. வெள்ளிக்கிழமைக்குள் வேலையை விட்டுப் போய்விடு என்றார்.

பாயான் லெப்பாஸ் கம்ப்யூட்டர் ஃபேக்டரியில் சோதனைப் பிரிவில் இருந்த நீ, லீவு போட்டு வந்தாய்.

"மொதல்ல இன்டர்நெட் வர்ற போன் லைன புடுங்குலா. பேயா இருந்தா லைன் இல்லாமலும் ஆடும்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். ஆடவில்லை. லைனை மறுபடி சொருகி, எல்லா புரோகிராமையும் மூடி, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினாய். எதுவும் ஓடாத நேரத்திலும் வெளியாளுக்காக ஒரு வாசல் திறந்து கிடந்தது. கணினி கிளம்பும்போதே தானாக ஓடுகிறவற்றின் பட்டியலில், நாங்கள் யாரும் போடாத ஒரு பெயர். பக்கத்து மேசைக் கணினியிலும் அதே பெயர் இருந்தது. அது பதிவான தேதியை வைத்துக் கண்டுபிடித்தாய்: வெளியாள் கணினியை ஆட்டிவைக்க விடும் அந்தத் திருட்டு புரோகிராம், விளக்குகள் மினுங்கும் தீபாவளி வாழ்த்து ஒன்றுக்குள் ஒளிந்து வந்திருக்கிறது.

நிபோங் திபால் ஊரிலுள்ள மாமா வீட்டிலிருந்து வந்த அந்த வாழ்த்தை, முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அனுப்பியவள் நான். வந்த வாழ்த்தை நாலு பேருக்கு அனுப்பாவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்த காலம்.

"அழிச்சிருலா, யாருக்கும் தெரிய வேணாம்" என்று கெஞ்சினேன்.

"அழிச்சா சாட்சி போயிரும், ஒன் வேலயும் போயிரும். காட்டுனா மானம் போகும். எது போனா பரவால்ல?"

பாவி, கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லக் கூடாதா?

முதலாளியை அழைத்து இரண்டு திரைகளையும் காட்டினாய். "இது எப்படி ஆபிசுக்குள்ள வந்துச்சு?" என்று அவர் கேட்டபோது நீ வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நான்தான் போஸ் தொறந்தேன். எல்லாருக்கும் அனுப்புனதும் நான்தான். ஆனா அந்த மெயில நான் எழுதல."

அவர் தன் அறைக் கதவைத் திறந்துவிட்டு, "என் கம்ப்யூட்டரயும் பாரும்மா" என்று உன்னிடம் சொன்னார்.

என் வேலை தப்பியது. அன்றிலிருந்து, என் கையால் ஒன்று கெட்டால், பிறர் கண்டுபிடிக்கும் முன் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருக்க நீ இல்லை. இருந்தும் சொல்கிறேன்.