தாய்மாமன் வீட்டுக் கார்

இஞ்சாருங்கோ,

இன்று காலை காரின் பொனட்டைத் திறந்து பச்சை எண்ணெய் விட்டேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் மணம் போகவில்லை. மண்ணெண்ணெயிலும் சேராத, தேங்காயெண்ணெயிலும் சேராத ஒரு மணம். வேலையால் வந்த கையோடு நீங்கள் கராஜுக்குள் புகுந்தால் சட்டையில் ஏறிக்கொண்டு வருமே, அதே மணம். குளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்று அப்போது துரத்துவேன். இன்றைக்கு அந்தக் கையாலேயே தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். என்னைத் துரத்த இந்த வீட்டில் ஆளில்லை.

மகன் வந்து பார்த்துவிட்டு வழக்கமான கதையைத் தொடங்கினான். பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். இந்த நாட்டில் இப்படி ஒரு பிரெஞ்சுக் கார் கிடைப்பது அருமையாம். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கார்" என்றான். அவனோடு நான் வாய்காட்டவில்லை. ஆனால் உங்களோடு கதைக்கக் கிடக்கிறது. போன வைகாசியில் உங்கள் அக்கா மகன் நிரோஷனின் கலியாணத்தில் நடந்ததை உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் தங்களுக்கு ஏற்றமாதிரித்தான் சொல்லுவார்கள்.

பாரிஸில் நாங்கள் இதை வாங்கும்போதே யாரோ ஓட்டிக் கழித்த கார்தான். பின்பக்கம் சவப்பெட்டி ஏற்றும் வண்டி போல நீண்டு கிடந்தது. எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை. உங்கள் தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடும்பக்காரனுக்கு எதற்கு டேர்போ என்று நக்கலடித்தார். "குடும்பக்காரனுக்குத்தான்ரா அவசரம்" என்றீர்கள். அந்த ஒரு பதிலில் எனக்கும் கார் பிடித்துப்போனது.

பிறகு கனடாவுக்கு வரும்போது அதைத் தம்பி வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. பதினைந்து வயதாகாத கார் என்றால் உள்ளே விடமாட்டார்கள் என்று சட்டம். ஊரில் உள்ளவர்கள் பிள்ளை வளரட்டும் என்று காத்திருப்பார்கள், நீங்கள் கார் கிழடாகட்டும் என்று காத்திருந்தீர்கள். வயது வந்த கையோடு கப்பலேற்றினீர்கள். ஹலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குத் தனியே போய், அங்கிருந்து அஜின்கோர்ட்டில் எங்கள் வீடு வரை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் கார் மெல்ல மெல்ல நிலத்தோடு பதிந்தது. பார்த்துக்கொண்டு நின்ற உங்கள் அக்கா, நாலு டயரிலும் காற்றுப் போய்விட்டது என்று தலையில் கைவைத்தார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எண்ணெயின் அழுத்தத்தில் நிற்கும் கார் அது என்று அக்காவுக்கு விளங்கப்படுத்திக் களைத்து, கடைசியில் இப்படிச் சொன்னீர்கள். "களைச்சால் இருக்கும். கூப்பிட்டால் எழும்பும். அவ்வளவுதான் அக்கா."

அந்த இருந்து எழும்புகிற குணத்தால்தான் அது எங்கள் சனத்தின் கலியாணக் கார் ஆனது. சேலை கட்டிய பெண்கள் குனியாமல் முறியாமல் பலகாரத் தட்டுகளை உள்ளே வைக்கலாம். குத்துவிளக்கைக் கிடத்தாமல் நிமிர்த்தியே கொண்டுபோகலாம். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினாலும் தட்டில் அடுக்கிய பயற்றம்பணியாரம் சரியாது. ஸ்காபரோவில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்றாலும் கூறைத் தட்டும் மாப்பிள்ளையும் உங்கள் காரில்தான். பெரிய பெரிய வாடகைக் கார்களெல்லாம் பின்னால்தான் வரும். பட்டு வேட்டியோடு நீங்கள் ஸ்டியரிங்கில் இருக்கும்போது மாப்பிள்ளையை விட உங்களுக்குத்தான் முகம் மலர்ந்திருக்கும்.

எனக்கு ஓட்டக் காட்டித் தந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. கடைத்தொகுதியின் வெறும் பார்க்கிங்கில் நான் கிளச்சை விட, கார் துள்ளி விழுந்து நிற்க, நீங்கள் நெஞ்சில் கைவைப்பீர்கள். இந்த ஊரில் ஒருத்தரும் கையால் கியர் போடுவதில்லை, எனக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவிதி என்று கேட்டு, காரை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போன நாளும் உண்டு. நீங்கள் பின்னால் ஊர்ந்து வந்து, கண்ணாடியை இறக்கி, "ஏறன்" என்றீர்கள். நான் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு நானே காரின் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

ஹைவேயில் முதன்முதல் ஏறிய அன்று மறக்காது. பெடலை மிதித்தேன். அது கொஞ்சம் யோசித்தது. பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. திடீரென்று டேர்போ பிடித்தது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினமாதிரி இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். லொறி கண்ணாடியில் சின்னதாகிப்போனது. அவ்வளவு வயதுக்குப் பிறகு ஒரு பொம்பிளைக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று எனக்கே தெரியாது.

பிறகு நீங்கள் போனீர்கள். வேலைக்குப் போன இடத்தில், நெஞ்சுக்குள் நோகிறது என்று சொல்லி முடிப்பதற்குள். அதைப் பற்றி எழுதுவதற்கு இன்றைக்கு எனக்கு மனமில்லை.

துடக்கும் கழிந்து, வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிந்த பிறகுதான் நிரோஷனின் கலியாணம் வந்தது. மாமாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றானாம். சின்ன வயதில் அந்தக் காரின் பின்சீற்றில் நித்திரை கொண்டு வளர்ந்தவன். உங்கள் அக்கா எனக்கு ஃபோன் எடுத்து, சுற்றிவளைத்து, சுகம் விசாரித்து, சமையல் விசாரித்து, கடைசியில் விசயத்துக்கு வந்தார். கார் வேண்டும். ஓட்டுவதற்குத் தன் மகளின் புருஷன் இருக்கிறார். நான் ஓட்ட வேண்டாம்.

ஏன் என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை, அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"மச்சாள், நான் உதெல்லாம் பாக்கிற ஆளில்லை. சனம் கதைக்கும். முதல் வெளிக்கிடுற நேரத்திலை முழுவியளம் எண்டு ஒண்டு இருக்கெல்லே."

வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படுகிற முகம் நல்லதாக இருக்க வேண்டும், அதுதான் முழுவியளம். உங்களோடு இருந்தவரை என் முகம் நல்ல முகம். எத்தனை பெண்பிள்ளைகளை என் கையால் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடினதும் அதே முகம் பழுதாகிவிட்டதாம். ஃபோனை வைத்துவிட்டு, கராஜுக்குள் போய்க் காருக்குள் இருந்து உங்களைத்தான் பேசினேன். என்னை விட்டுவிட்டுப் போனதற்கு வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் பேசினேன். அழவில்லை. எனக்கு வந்தது கோபம்தான்.

என்றாலும் பெடியனுக்காக ஓம் என்றேன். கலியாணத்தன்று விடியவே நான்தான் காரைக் கழுவித் துடைத்து, யூனியன்வில்லில் அக்கா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாருங்கோவன் கூத்தை! காரை அங்கே கொண்டுவந்து விடுவதற்கு நான் ஆகும். அங்கிருந்து மாப்பிள்ளையோடு வெளிக்கிடுவதற்கு நான் ஆகாது.

அவர்கள் போகும் வரை மேல்மாடி அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். ஜன்னலால் பார்த்தேன். தட்டுகளை ஏற்றினார்கள். கார் பாரத்தில் இன்னும் பதிந்து இருந்தது. கண்ணூறு கழிய டயர்களுக்குக் கீழே நாலு தேசிக்காய் வைத்தார்கள். பட்டுத் தலைப்பாகையோடு நிரோஷன் முன்சீற்றில் ஏறினான். அக்காவின் மருமகன் ஊரில் டிராக்டர் ஓட்டினவராம், அந்தத் தைரியத்தில் ஸ்டியரிங்கில் இருந்தார். திறப்பைத் திருப்பினார். கார் எழும்பட்டும் என்று பொறுக்கவில்லை. டிராக்டருக்கு விடுகிற மாதிரிக் கிளச்சைப் படாரென்று விட்டார். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. தேசிக்காய் ஒன்றும் நசியவில்லை. பின்னால் பலகாரத் தட்டு ஒன்று சரிந்த சத்தம் மாடி வரை கேட்டது.

திரும்பவும் போட்டார். திரும்பவும் நின்றது. வேறு இரண்டு பேர் ஆளுக்காள் முறைவைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒட்டோமேட்டிக் காரில் பிறந்து வளர்ந்தவர்கள். கடைசியில் மருமகனே திரும்பவும் ஏறினார். வேறு காரில் மாற்றி ஏறச் சொன்னார்கள் போல, நிரோஷன் இறங்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். ஐயர் குறித்துத் தந்த நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். எல்லாருடைய கண்ணும் ஒருமுறை மேலே ஜன்னலுக்கு வந்துவிட்டுக் கீழே போனது. கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அவர்கள் கூப்பிடட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். முன்வாசல் கதவைத் திறந்து, நேரே காருக்கு முன்னால் போய் நின்றேன். எதிர்ப்படக் கூடாது என்று பூட்டி வைத்த முகத்தை மாப்பிள்ளை, தோழன், தட்டுக்காரர், வீடியோக்காரர் எல்லாரும் ஆசைதீரப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "மச்சாள், சொன்னதைக் கேளுங்கோ. உள்ளுக்குப் போங்கோ."

"நான் உள்ளுக்குப் போனால் கார் வெளியிலை போகாது, மச்சாள்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அக்காவின் மருமகன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தானாகவே இறங்கினார். மனுசனுக்கு விட்டால் போதும் என்றிருந்தது. நிரோஷன் மற்றப் பக்கத்தால் சாய்ந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

"மாமி, ஏறுங்கோ. ஐ ஆம் ரெடி."

ஏறினேன். எஞ்சினை இயக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தேன். கார் முதலில் பின்னால் எழும்பியது, பிறகு முன்னால். தேசிக்காய் நாலும் நசிந்தன. அவன் அழுகிறானோ என்று பார்த்தேன், தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் இல்லாத இடத்தில் தாய்மாமன் வீட்டிலிருந்து யார் அவனைக் கொண்டுபோவது? நான்தான். அதற்கு நான் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

ஹைவேயில் ஏறும்போது நன்றாக மிதித்தேன். பின்னால் வந்த வாடகைக் கார்களெல்லாம் எங்கோ நின்றுவிட்டன. "மாமி, பணியாரம்!" என்று பின்னால் கத்தினார்கள். பணியாரம் கிடக்கட்டும்.

மண்டபத்தில் மாப்பிள்ளை பொம்பிளையை வாழ்த்தி அறுகரிசி போடும்போது நான் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கவில்லை. வரிசையில் நின்றேன், மேடையேறினேன், போட்டேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். உங்கள் அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கச் சில மாதம் எடுத்தது. இப்போது கதைக்கிறார். அந்த நாளின் கதையை அவர் எடுப்பதில்லை, நான் விட்டுக்கொடுப்பதுமில்லை. பிள்ளைகள் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அதை நான் சாட்சிக்கு இழுக்கமாட்டேன். நாளைக்கு அவர்கள் சண்டை பிடித்தாலும் என் முகம் என் முகம்தான்.

இன்று மத்தியானம் டோர்செட் பார்க்கிலிருந்து உங்கள் சிநேகிதரின் மனுசி ஃபோன் எடுத்தார். தன் மகளுக்குக் கலியாணமாம். அந்தக் காரை ஒருநாளைக்குத் தந்துதவ ஏலுமோ, கியர்க் கார் ஓட்டத் தெரிந்த ஆளைத் தாங்களே பிடித்துக்கொள்வோம் என்றார்.

"காரைக் கேக்காதேங்கோ" என்றேன். "என்னைக் கேளுங்கோ."

வீட்டில் கதைத்துவிட்டு எடுப்பதாகச் சொல்லி ஃபோனை வைத்தார். ஆறுதலாகக் கதைக்கட்டும். எனக்கு அவசரமில்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் குரலை, உங்கள் நக்கலை, இந்த எண்ணெய் மணத்தையெல்லாம் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுகிற சீற்றை இவ்வளவு நாளும் உங்கள் காலின் அளவுக்கே விட்டு, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துத்தான் ஓட்டினேன். இன்றைக்குத் தலையணையை எடுத்து வீட்டுக்குள் போட்டுவிட்டு, சீற்றை என் காலின் அளவுக்கு முன்னால் இழுத்தேன். இறுகிக் கிடந்தது, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, விடவில்லை, இழுத்தேன். இனி அது பின்னால் போகாது. கோபிக்காதேங்கோ.