அம்மாவுக்குத் தெரியாத பாஷை

ஜூலை 8, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, அம்மாவைத் தாங்கிப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போனது. பிறகுதான் பால், அடுப்பு, மற்றதெல்லாம். வெளியே தூறல். மூன்று நாளாகத் துணி காயவில்லை.

வாங்க: தைலம், ரஸ்க், சிவப்புப் பேனா.

மாலை தம்பி அருள் அத்திபெலேயிலிருந்து வந்தான், டாக்டரைப் பார்த்துவிட்டு. அம்மாவுக்கு மூன்று வருஷம் முன்பு மாற்றிய வலது முட்டி தளர்ந்துவிட்டதாம். திரும்பத் திறந்து வேறு வைத்தால் தானாக நடக்கலாம். இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. ஆனால் வயது எழுபத்துநாலு, சர்க்கரை வேறு. மயக்க மருந்தை உடம்பு தாங்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார் டாக்டர். திங்கட்கிழமை பதில் வேண்டும்.

"இட்ஸ் த்ரோயிங் குட் மனி ஆஃப்டர் பேட்" என்றான் அருள். போன பணம் போகட்டும், அதன் பின்னால் இன்னும் கொட்ட வேண்டாம் என்று. செய்துதான் ஆகணும் என்று நானும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். அம்மா நடுவில் உட்கார்ந்து எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றான்?"

"விலைவாசி ஏறிப்போச்சாம்மா."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

ஜூலை 9, புதன்

தூக்கமில்லை. முதுகு வலி.

அம்மா கோலார் தங்கவயல் மைன்ஸ் லைனில் வளர்ந்தவள். தமிழ், தெலுங்கு, கன்னடம், கடைத்தெரு உருது எல்லாம் அத்துப்படி. அவளிடம் மறைக்க எங்களுக்கு மிச்சமிருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். அப்பா ஆரம்பித்த பழக்கம். ஃபீஸ், வட்டி, ஆஸ்பத்திரி பில் எல்லாம் அதில். மற்றச் சண்டைகள் தமிழில். கேட்டால், "அவ பயந்துடுவா" என்பார்.

ஆனால் இது அவள் முட்டி. பணமும் அவளுடையதுதான், அப்பாவின் செட்டில்மென்ட், அம்மா பேரில் எஃப்.டி. கையெழுத்துப் போட மட்டும் அவளைக் கூப்பிடுவோம்.

ஜூலை 10, வியாழன்

பஸ்ஸில் நின்றபடியே காலேஜ். ஃபர்ஸ்ட் பி.யு. இங்கிலீஷ் வகுப்பு, பணம், செலவு பற்றிய இடியம்கள். என்ன நேரத்தில் வருகிறது பாடம்.

'பிரேக் தி பேங்க்', கையிருப்பைக் காலியாக்குவது. கடைசி பெஞ்ச் இம்ரான்: "பேங்க்க உடைச்சா உள்ள போட்டுடுவாங்களே மிஸ்." ஒரே சிரிப்பு. 'ஸ்பெண்ட் மனி லைக் வாட்டர்' சொன்னதும் புரிந்துவிட்டது. "பீட்சா கேட்டா எங்கப்பா இதேதான் மிஸ் சொல்றாரு, தண்ணியா செலவு பண்றேன்னு." 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்', கையும் காலும் விலையாகக் கொடுப்பது, அதை விட்டுவிட்டேன். புத்தகத்தில் இருக்கிறது. வாய் வரவில்லை.

அருள் சொன்ன அதே வரிக்கு உதாரணம் கேட்டாள் நந்தினி. பழைய ஸ்கூட்டர் என்றேன், ரிப்பேர் மேல் ரிப்பேர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஸ்கூட்டருக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதுதான் உறுத்தல்.

ஜூலை 11, வெள்ளி

நல்ல மழை. மதியம் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது அருள் ஃபோன்.

"லெட்ஸ் பி ப்ராக்டிகல் அக்கா. ரெய்னி டேக்குன்னு சம்திங் வேணும்." கஷ்ட காலத்துக்குக் கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்று.

"தமிழ்ல சொல்லுடா."

"எத?"

"இப்ப சொன்னத. முழுசா தமிழ்ல."

பின்னால் லாரிச் சத்தம். கோடௌனில் இருந்து பேசினான்.

"ஆபரேஷன் தியேட்டர்லயே அம்மா போயிட்டா என்னக்கா பண்றது? அப்பாவும் நடந்துதானே உள்ள போனாரு."

மூக்கை உறிஞ்சினான். "லோடு வந்திருக்கு, வெச்சிடறேன்."

பணம் அல்ல அவன் பிரச்சினை. நான் இத்தனை நாள் கஞ்சன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு மட்டும் சுத்தமா? ஆபரேஷன் வேண்டும் என்பது அம்மா நடப்பதற்காகவா, என் முதுகு பிழைப்பதற்காகவா? இரண்டும்தான். எழுதிவைக்கிறேன்.

ஜூலை 12, சனி

வெயில், கடைசியாக. துணி மாடியில்.

கீழ் வீட்டு ரத்னம்மா வந்து அம்மாவிடம் கால் எப்படி என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் எனக்குக் கேட்டது அம்மாவின் பதில்: "மக்களு மாத்தாட்தாரெ. நனகே ஏனூ ஹேளல்ல." பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள், என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

அவள் போனதும் போய் உட்கார்ந்தேன். அம்மா அவரைக்காய் நார் உரித்தபடி:

"பணப் பேச்சுன்னா உங்களுக்கு இங்கிலீஷ் வந்துடுது."

நார் ஒன்றை உருவிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"உங்கப்பா போன அன்னிக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவுல அதத்தான் பேசினீங்க ரெண்டு பேரும். பில்லப் பத்தின்னு நெனச்சேன். அவரு போயிட்டாருன்னு எனக்குத் தமிழ்ல சொன்னது அந்த ஆயாம்மா."

கோபமில்லாமல் சொன்னாள். அவரைக்காயை என் பக்கம் தள்ளி, "நீயும் கொஞ்சம் உரி" என்றாள். உரித்தேன்.

நாளை சர்ச் முடிந்து அருள் வருவான். அதற்கு முன்னால், காலைக் காப்பியோடு, டாக்டர் சொன்ன இரண்டையும் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். நடக்கலாம் என்பதை. எழாமலே போகலாம் என்பதையும். அருளின் பயத்தை, என் முதுகை, எஃப்.டி.யில் எவ்வளவு இருக்கிறது என்பதை. தமிழில். அவள் செய்துகொள்கிறேன் என்றால் திங்கட்கிழமை அருள் வராவிட்டாலும் நான் கையெழுத்துப் போடுவேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை வற்புறுத்த மாட்டேன். அருளிடம் இதைச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை.