வாசலடியால் போன பைப்

பச்சைக்கல் தோட்டம்,
கீழ்க்கணக்கு.
20 மார்ச் 1962

அன்புத் தங்கை மரியரட்ணத்துக்கு,

அக்கா ஜோசப்பின் எழுதுகிறேன். மாப்பிள்ளை லியனார்டும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மேயருக்கு எப்படிக் கடிதம் எழுதுவதென்று எனக்குத் தெரியாது. தங்கச்சிக்கு எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பேப்பரில் வந்த உன் படத்தை மலையில் வேலை பார்க்கிற கண்டாக்கையா கொடுத்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஹட்டனில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்து, டீச்சராகி, இப்போது டவுனுக்கே முதல் பெண் மேயர் என்று போட்டிருந்தது. அடுப்படியில் ஒட்டியிருக்கிறேன். உன் மச்சான் பார்த்துவிட்டு, மூக்கு மட்டுந்தான் ஒன் தங்கச்சி, மத்ததெல்லாம் தொரசாணி என்று சிரித்தார். அது சுகிர்தம் இருந்தபோது.

பங்குனி பிறந்தும் மழையில்லை. நாம் குளித்த பீலித் தண்ணீர் வற்றிவிட்டது. அதற்கு மேலேயிருந்த ஊற்றைத்தான் தொரை டவுனுக்குக் கொடுத்தார். நீ பைப் போடுகிறாய் என்றதும் லயத்தில் ஒரே கொண்டாட்டம். நம்ம புள்ள மேயரு, தண்ணி வாசலுக்கே வருது என்று ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே போய் பைப் புதைக்கக் கான் வெட்டிக் கொடுத்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பைப்பும் எங்கள் வாசலடியால்தான் போனது. நீ டவுனில் குழாயைத் திறந்த அன்று கீழேயிருந்து பேண்ட் சத்தம் கேட்டது. நாங்கள் குடத்தோடு வாசலில் நின்றோம். மத்தியானம்வரை நின்றோம்.

பிறகு மாப்பிள்ளை வந்து விளக்கினார். லயம் டவுன் எல்லைக்கு வெளியே இருக்கிறதாம். நீ கேட்டும் மெம்பர்மார் ஒருவரும் கை தூக்கவில்லையாம். ஓட்டில்லாத இடத்துக்கு யார் தூக்குவார்கள்? மாப்பிள்ளை இந்த நாட்டுப் பிரஜை, அவரைக் கட்டியதால் நீயும் பிரஜை. எங்களுக்குப் பிரஜாவுரிமை நாற்பத்தெட்டிலேயே இல்லையென்றாகிவிட்டது. அதை நான் உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

என் மகள் சுகிர்தம் போன விபரம் தந்தியில் பார்த்திருப்பாய். கானில் தேங்கிய தண்ணீரைக் குடித்திருக்கிறாள். வயிற்றோட்டம். தோட்டத்து மருந்து கேட்கவில்லை. நீ ஞானத்தாயாக நின்று பெயர் வைத்த பிள்ளை. அடக்கத்தன்று உனக்குக் கொழும்பில் கூட்டம் என்று மாப்பிள்ளை சொன்னார். சரி. மூன்றாம் நாள் விடிய வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன். கொழுந்தெடுக்கிறேன், சோறாக்குகிறேன். அழுகை வரவில்லை மரியா, கோபமும் வரவில்லை. அதுதான் பயமாயிருக்கிறது.

ஒன்று சொல்லத்தான் எழுதினேன். வருகிற சனிக்கிழமை லயத்து ஆம்பிளைகள் பைப்பை உடைக்கப் போகிறார்கள். உன் மச்சானும் அதில் இருக்கிறார். பக்கத்துக் காம்பிராப் பழனியாண்டி வந்து, மேயரம்மா ஒங்க தங்கச்சி, நீங்க வேணாம்னா விட்டுர்றோங்க என்றான். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. உடைக்கச் சொல்லவுமில்லை. தரை மெழுகிக்கொண்டிருந்தேன், மெழுகி முடித்தேன். நீ போலீசுக்குச் சொன்னாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். சனிக்கிழமைக்குள் நீயே வந்தாலும் வா.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுசையும் நல்ல பெயரையும் தரட்டும். சனிக்கிழமை விடிந்ததும் வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் நிறையத் தண்ணீர் பிடித்து மூடி வை. பிள்ளைகளைக் கான் பக்கம் விடாதே.

உன் அக்கா,
ஜோசப்பின்