அம்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டு வீடு காட்டினேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் குறைந்ததா, இதையெல்லாம் முதலில் கேட்டுவிடுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பாதி நலம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "நல்லா இருக்கோம்னு சொல்லுங்க, புள்ளைய பயமுறுத்தாதீங்க" என்று கையைக் கிள்ளுகிறாள், சொல்ல வந்ததைச் சொல்ல விடுவதே இல்லை. அதனால் கடையில் மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சுருட்டி அடுக்கிய துணித் தான்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி எட்டிப் பார்த்தார், இருப்புக் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார். இருபது வருடத்தில் நான் கணக்கு எழுதி அவர் பார்த்ததே இல்லை, இருந்தாலும் நம்புகிறார், நல்ல மனுஷன்.

வீடு மாறப் போகிறோம் என்று சொன்னோம் அல்லவா. ஏன் என்று நீ கேட்டபோது கடைக்குப் பக்கம் என்று அம்மா ஒரு போடு போட்டாள். பக்கமாவது ஒன்றாவது, புது இடத்திலிருந்து நான் கடைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். விஷயம் நம் வீட்டுச் சுவர்தான். நீ இருந்தபோதும் அது மழைக்காலத்தில் கொஞ்சம் ஊறும், உனக்கே தெரியும். இப்போது மழை வெயில் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அவர்கள் குளிக்கிறபோதெல்லாம் நமக்கு இறங்குகிறது. ஜன்னல் பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூசணம், துடைத்தால் இரண்டு நாளில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது, துவைத்து மடித்த துணியில்கூட அந்த வாடை. வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று, "பார்க்கலாம்" என்பார். அம்மா அவருக்குப் பெயரே பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள். கடைசியில் பார்க்கலாம் ஒருநாள் வந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், கையைத் துடைத்துக்கொண்டு போனார், அடுத்த மாதம் வாடகையை ஏற்றினார். என்ன சார் இது என்று கேட்டால், "புடிக்கலன்னா காலி பண்ணுங்க, வாசல்ல போர்டு மாட்டினா சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேர் நிப்பான்" என்றார். அது பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மாவின் இருமல் உனக்குத் தெரிந்த இருமல் இல்லை இப்போது. "அட்டைப்பெட்டிக் கம்பெனி வேலைய விட்டுட்டேன், முட்டி வலி" என்று உன்னிடம் சொன்னாளே, முட்டியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மேஸ்திரி கூப்பிட்டு, கூட இருக்கிறவங்க பயப்படறாங்கம்மா, உடம்பு சரியானதும் வாங்க என்று அனுப்பிவிட்டார். படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் பரிசோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, தொற்று எதுவும் இல்லை, வீட்டில் ஈரம் உண்டா என்று கேட்டார். ஈரத்தில்தான் வீடே இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மாத்திரை எழுதித் தர்றேன், ஆனா வீட்ட மாத்தாம என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல, இன்னொரு மழைக்காலம் அங்க இருக்க வேண்டாம்" என்றார்.

வீடு தேடின கதையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஒரு இடத்தில் ஜன்னலே இல்லை, காற்றுக்கு என்ன செய்வது என்றால் ஃபேன் வாங்கிக்கோங்க என்கிறார். இன்னொரு இடத்தில் அடுப்பு மேடையும் கழிப்பறையும் ஒரே அறை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை, அதற்கு நம் வாடகையைவிட அதிகம், அதற்கும் படிக்கட்டில் ஆள் வரிசையாக நிற்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி கேள்வி கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்காரி, உன் அம்மா இருமியதைப் பார்த்துவிட்டு வீடு முடிஞ்சுபோச்சு என்று கதவைச் சாத்தினாள், நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அடுத்தவர்களை உள்ளே கூப்பிட்டாள். அலைந்து அலைந்து கடைசியில் ஒரு நர்ஸ் அம்மாவின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. சின்னது, அம்மா படியேற வேண்டும், நம் கட்டில் போட்டால் பீரோவுக்கு இடம் இருக்காது. ஆனால் காலையில் வெயில் வந்து தரை வரை விழுகிறது, சுவர் காய்ந்து கிடக்கிறது. உன் அம்மா சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நர்ஸ் அம்மா மாதக் கடைசி வரைக்கும்தான் பிடித்து வைப்பேன், அதற்குள் அட்வான்ஸ் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நம்மிடம் கையில் ஏது? பார்க்கலாமிடம் மாட்டியிருக்கிற நம் அட்வான்ஸ்தான். போய்க் கேட்டால், அடுத்த ஆள் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும் என்கிறார். அதோடு விட்டாரா, "நீங்கதான் துணிக்கடைல பேசியே விக்கிறவராச்சே, நீங்களே ஆளப் புடிங்க" என்று ஒரு சிரிப்பு வேறு. ஒரு பெயின்டரை அனுப்பி, பூசணத்தைச் சுரண்டக்கூட இல்லாமல் மேலேயே கெட்டியாக அடித்துவிட்டுப் போகச் சொன்னார். கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது.

பாப்பா, இனிமேல் எழுதப்போவதை நீ அம்மாவிடம் கேட்காதே. வீடு பார்க்க ஆட்கள் வரும்போது அம்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும், இருமல் காட்டிக்கொடுத்துவிடும். நான்தான் அவளிடம் நீ கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போ என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வாளியில் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து படியேறினாள். யாராவது கேட்டால் துணி காயப்போடுகிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. துவைக்க ஒன்றும் இல்லாத நாளில் காய்ந்த துணியையே நனைத்து எடுத்துக்கொண்டு போனாள். கீழே நான் வீடு காட்டினேன். துணித் தானில் ஓர் இழை அறுந்திருந்தால் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு விரிக்க வேண்டும், வாங்குகிறவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கடைக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வீட்டுக்கும் அதையே செய்தேன். பீரோவை ஒரு பக்கம் தள்ளி, அது மறைக்காத இடத்தில் நான் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, தண்ணீர் நாள் முழுக்க வரும், பக்கத்திலேயே பஸ், அக்கம்பக்கம் தங்கமான மனிதர்கள் என்று அடுக்கினேன்.

ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டான். படிக்கிற பையன்கள் வந்தார்கள், பையன்களுக்குத் தர மாட்டேன் என்று பார்க்கலாம் மறுத்துவிட்டார். பிறகு ஒரு புருஷன் பெண்டாட்டி, கூட மூன்று வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. அவன் மெஸ்ஸில் சமைக்கிறவன், அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாண்ட்ரியில் இஸ்திரி போடுகிறவள். இரண்டு பேரும் பேச்சு குறைச்சல், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். குழந்தை நேராகச் சுவருக்குப் போய், பெயின்ட் கொப்பளித்திருந்த இடத்தை விரலால் அமுக்கியது. விரல் உள்ளே போய்விட்டது. நான் கொஞ்சுகிற மாதிரி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன், விரலை என் சட்டையிலேயே துடைத்தேன், வாசல் வரைக்கும் இறக்கவே இல்லை. குழந்தை என் தோளில் சிரித்துக்கொண்டிருந்தது. நம்மிடம் வாங்கினதைவிட அதிக வாடகை, அதிக அட்வான்ஸ் சொன்னார் பார்க்கலாம், அவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

அவர்கள் போகும்போது அம்மா வாளியோடு இறங்கி வந்தாள், குழந்தையைப் பார்த்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தக் கொழந்தைய எங்க படுக்க வைப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. யாருக்காக இத்தனையும் செய்கிறேன், உனக்காகத்தானே, ஊரில் இருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் நான் பொறுப்பா என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் பரவாயில்லை. மறுநாள் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டாள். கட்டி வைத்திருந்த பாத்திரத்தையும் எடுத்து அடுக்கிவிட்டாள். நான் கேட்டதற்கு, "நான் வரல. எனக்கு இருமிப் பழகிப்போச்சு, அந்தப் புள்ளைக்குப் பழக்கமில்ல" என்றாள். உன் அம்மா ஒன்று நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. எனக்குப் பயம். அந்தக் குழந்தையின் தாயிடம் போய்ச் சொன்னால் அவர்கள் பின்வாங்குவார்கள், அட்வான்ஸ் போகும், நர்ஸ் அம்மா வீடு போகும், டாக்டர் சொன்ன அந்த மழைக்காலம் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் உன் அம்மா நகர மாட்டாள். இரண்டு பக்கமும் அடி.

கடைசியில் ஒரு மதியம் கடையில் சொல்லிக்கொண்டு லாண்ட்ரிக்குப் போனேன். உள்ளே அனல், அவள் நின்றபடி சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏம்மா, அந்தச் சுவரில் ஈரம் இருக்கிறது, என் வீட்டுக்காரிக்கு அதனால்தான் உடம்பு கெட்டது, உங்களுக்குக் குழந்தை இருக்கிறது, வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தவே இல்லை. "தெரியும்ங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க திரும்பினப்ப சட்டை முதுகெல்லாம் நனைஞ்சு பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. நாள் பூரா சட்டையத்தானே பாக்கறேன். மாடில அம்மா இருமினதும் கேட்டுச்சு." பக்கத்தில் இருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "இப்ப இருக்கற எடத்துல ஒரே ஹாலை அட்டை வச்சுத் தடுத்து நாலு குடும்பம்ங்க. கதவு கெடையாது. உங்க வீட்டுல கதவு இருக்கு" என்றாள். சட்டையைத் திருப்பிப் போட்டாள். "எந்தப் பக்கம் காஞ்சிருக்கும்னு மட்டும் சொல்லிடுங்க, பாப்பாவ அங்க படுக்க வச்சுக்கறேன்."

சொன்னேன். சமையலறைக் கதவை ஒட்டின மூலை. உன் கட்டில் கிடந்த இடம். வழியில் கொண்டுபோய்க் கட்டிலைப் போட்டிருக்கிறீர்கள், போகிற வருகிறவர்கள் எல்லாம் காலில் இடிக்கிறீர்கள் என்று நீ எத்தனை சண்டை போட்டிருப்பாய். அந்த வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். அம்மாதான் தேர்ந்தெடுத்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

லாண்ட்ரியில் பேசினதை அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் நேற்று குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளைக் கையைப் பிடித்து எல்லாம் காட்டினாள், கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைக்க வேண்டும், அரிசியை மேல் தட்டில் வைக்க வேண்டும், ஜன்னலை இன்ன நேரத்துக்குத் திறக்க வேண்டும், போர்வையைத் தினமும் வெயிலில் போட வேண்டும் என்று ஒன்றுவிடாமல். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி இருமினாள். இன்று காலையிலிருந்து மறுபடி மூட்டை கட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகிறோம், அவர்கள் வருகிறார்கள். உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. சொன்னாலும் வருகிறார்கள், சொல்லாவிட்டாலும் வருகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அனுப்புகிற பணத்தைக் குறைத்துக்கொண்டு நீ நன்றாகச் சாப்பிடு, நாங்கள் சமாளித்துக்கொள்வோம். புது விலாசம் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காமல் செய். போன வாரம் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது நீ பேசினாய் அல்லவா, நீ மாறிப் போயிருக்கிற புது அறை எப்படி என்று கேட்டதற்கு, "நல்லாத்தாம்பா இருக்கு" என்றாய், பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை இருமினாய், தூசி என்றாய். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. நீ படுக்கிற பக்கத்துச் சுவரில் காலையில் எழுந்ததும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எனக்கு உள்ளது உள்ளபடி எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா