மௌனச்சாமிக்கு என்ன வேலை?

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். நான் நலம்.

உன் ஆய்வுக்கூடத்து ஈஸ்ட்டில் எதற்கு இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாத மரபணு ஒன்று உண்டே, மௌனச்சாமி என்று நான் பேர் வைத்தேனே, அவருக்கு என்ன வேலை என்று நான் எழுதிய கணினி நிரல் கண்டுபிடித்துவிட்டது! எந்த மரபணுக்களோடு சேர்ந்து விழிக்கிறார், அவருடைய புரதம் எதோடு ஒட்டுகிறது, மற்ற உயிர்களில் அவருடைய பங்காளிகளுக்கு என்ன வேலை, தரவுத்தளக் குறிப்பு என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். வெயில் பட்டு டி.என்.ஏ. பழுதானால் ஒட்டுப்போடுகிறவர் என்கிறது. பரிசோதித்துச் சொல்கிறாயா? முப்பதாம் தேதி எங்கள் ஆய்வுகளை மதிப்பிடும் குழு கூடுகிறது. நிரல் சொன்னது ஒன்றாவது பலித்தது என்று காட்டாவிட்டால் என் ஆய்வை மூடிவிடுவார்கள்.

அப்புறம், நீ வேலையை விடப்போகிறாயாமே? அம்மா சொல்கிறாள், பெரியம்மா சொல்கிறாள், சித்தப்பாவும் சொல்கிறார். மூன்று பேர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

அன்புத் தம்பி

ஜூன் 12

டேய் வாலு,

மௌனச்சாமியை நீக்கிவிட்டு ஈஸ்ட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். ஜம்மென்று வளர்ந்து நிற்கிறது. விளக்கு கெட்டுவிட்டதோ என்று கேட்காதே. ஒட்டுப்போடுவது என்று ஏற்கெனவே தெரிந்த மரபணு இல்லாத இன்னொரு ஈஸ்ட் பக்கத்திலேயே செத்துக்கிடக்கிறது. உன் நிரல் கோட்டை விட்டுவிட்டது. எனக்கும் வருத்தம்தான்.

வேலையை விடுகிற கதையா? ஒருநாள் கால்வலியில் உன் மாமாவிடம், "பேசாம வேலையை விட்டுடலாம் போல இருக்கு" என்றேன். மனுஷன் பெரியம்மாவிடம் உளறிவிட்டார். பெரியம்மா அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒலிபரப்பினாள். மூணு சாட்சியாம் மூணு சாட்சி! வாய் ஒண்ணுதானேடா? என்னிடம் கேட்டிருக்க வேண்டாமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 15

அக்கா,

முதலில் முகம் தொங்கிப்போனது உண்மை. பிறகு "வாய் ஒண்ணுதானே" என்று எழுதியிருந்தாயே, அது மண்டையைக் குடைந்தது. ஒவ்வொரு தரவும் எங்கிருந்து வந்தது என்று துருவினேன். நம் வீட்டுக் கதையேதான்! யாரோ எப்போதோ பரிசோதிக்காமல் ஒரு ஊகத்தைப் போட்டிருக்கிறார்கள். தரவுத்தளக் குறிப்பு அதிலிருந்து வந்தது. பங்காளிகளைப் பற்றிய சேதியும் அதையே பார்த்து எழுதியது. இந்த இரண்டு பேர் போட்ட கூச்சலில் மற்ற இருவர் பேசியது காதில் விழவில்லை. கூச்சல் போட்ட இரண்டையும் நீக்கிவிட்டேன். மிச்சமிருப்பவை இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: உப்பு. செல்லுக்குள் ஏறும் உப்பை வெளியே தள்ளுவதுதான் அவர் வேலை.

இன்னொரு தடவை பார்ப்பாயா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முடியாதென்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய், ஒரு வாரம் பேசமாட்டேன்.

தம்பி

ஜூன் 25

வாலு,

படம் வைத்திருக்கிறேன், பார். உப்பு கலந்த தட்டில் சாதாரண ஈஸ்ட் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது. மௌனச்சாமி இல்லாதது ஒரு புள்ளிகூட வளரவில்லை. அவரைத் திருப்பி உள்ளே வைத்தேன், வளர்ந்துவிட்டதடா! ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

மாமாவிடம் காட்டினேன். "இதையெல்லாம் விட்டுட்டு நீ வீட்ல உக்காந்தா, நான் ஆபீஸ்ல யாரைப் பத்திப் பீத்திக்கிறது?" என்கிறார். இதைப் பெரியம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே. நாளைக்கே எனக்குப் பதவி உயர்வு என்று பரவிவிடும்.

நான் வேலையை விடவில்லை. முப்பதாம் தேதி தட்டுகளோடு வந்து குழுவின் முன்னால் உன் பக்கத்தில் உட்காரப்போகிறேன். இதை அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டாம். நானே சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வந்து நில்.

உன் அக்கா